அஞ்சாமை தரும் நம்பிக்கை

(கொழும்பு வெள்ளவத்தையில் நடைபெற்ற கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

துன்பம் வரும்போது நம் மக்கள் இரண்டு வாக்கியங்களைச் சொல்வதை நாம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறோம். “எல்லாம் ஆண்டவன் பார்த்துக்கொள்வான்” என்பது ஒன்று. “இந்த நாட்டில் நியாயம் கேட்டு என்ன பலன்?” என்பது மற்றையது. முன்னது பக்திபோலத் தோன்றும். பின்னது உலக அறிவுபோலத் தோன்றும். ஆனால் இரண்டையும் சொல்பவர் பெரும்பாலும் ஒருவரே. கோயில் வாயிலில் முன்னதைச் சொல்கிறார். வீட்டுக்கு வந்து செய்தித்தாளை விரித்ததும் பின்னதைச் சொல்கிறார். சொல்லிவிட்டுப் பிள்ளையின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும் வழியைத் தேடுகிறார். அவரைக் குறைகூற நாம் வரவில்லை. அவர் பட்ட பாட்டை நாம் அறிவோம்; நாமும் பட்டவர்களே. எனினும், அந்த இரண்டு வாக்கியங்களிலும் நம்பிக்கை என்பது கடுகளவும் இல்லை என்பதை இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இதைப் பேசுவதற்கு இந்த வெள்ளவத்தையிலும் பொருத்தமான இடம் வேறில்லை. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதியை இங்குள்ளோரிற் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். பொழுது புலருமுன்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் உள்ள லொட்ஜுகளின் கதவுகள் தட்டப்பட்டன. உள்ளே படுத்திருந்தவர்கள் யார்? வைத்தியத்துக்கு வந்த முதியவர்கள். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த பெண்கள். வேலை தேடி வந்த இளைஞர்கள். கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லை என்று கூறி, பொருள்களைச் சேர்த்துக்கொள்ளவும் போதிய அவகாசமின்றி அவர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அத்தொகை 376 பேர் என்று அப்போது சொல்லப்பட்டது.

அன்பர்களே! சொந்த நாட்டின் தலைநகரில் ஒரு பிரசை இரவு தங்குவதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை, இந்நாடெங்கும் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் ஒவ்வொரு பிரசைக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, பிறந்த இடம் என்பவற்றைக் காட்டி ஓரங்கட்டுதலைத் தடுக்கிறது. ஏட்டில் எழுதப்பட்டிருந்த இந்த உரிமைகள் அந்த விடியற்காலையில் யாருக்கும் உதவவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்தை நாடியது. மறுநாள், யூன் 8ஆந் திகதியே, மேலும் எவரையும் வெளியேற்றலாகாது என்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. அடுத்த சில நாட்களில் அன்றைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். போர் உச்சத்தில் நின்ற காலம் அது. நியாயம் கேட்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம். “கேட்டு என்ன பலன்?” என்று அன்று எல்லோரும் வாளாவிருந்திருந்தால், மறுநாளும் பஸ்கள் வந்திருக்கும், அதற்கு மறுநாளும் வந்திருக்கும்.

அந்தக் கட்டளை அந்த விடியற்காலையின் அவமானத்தை அழித்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. பஸ்ஸில் அழுதுகொண்டு போன தாயின் கண்ணீரை எந்த இடைக்காலத் தடையுத்தரவும் துடைக்காது. நீதிமன்றம் எப்போதும் இவ்வாறே செய்யும் என்றும் நாம் உறுதி கூறமாட்டோம். சட்டத்தைக் கற்றவர்கள் ஆதலின் அதன் வரம்பையும் அறிவோம். நாம் சொல்வது இவ்வளவே: கேட்டவர்கள் இருந்தபடியால் ஓர் அநீதி தடுக்கப்பட்டது.

இனி, கேட்பதற்கான துணிவு எங்கிருந்து வருகிறது? நம்பிக்கையின் இடம் இங்கேதான் என்பது எமது துணிபு. அநீதி செய்யும் அதிகாரத்துக்கு முதலில் வேண்டுவது பிறரின் அச்சம். துப்பாக்கியும் சிறையும் அந்த அச்சத்தை விளைவிக்கும் கருவிகள். அச்சம் விளையாத உள்ளத்தில் அக்கருவிகள் பாதி வலுவை இழந்துவிடுகின்றன. திருநாவுக்கரசு நாயனாரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் இட்டான், கல்லோடு பிணித்துக் கடலில் தள்ளினான் என்று பெரியபுராணம் கூறுகிறது. எவருக்கும் அடிமையல்லோம் என்ற உறுதியோடு அவர் நின்றார். பிலாத்து என்ற தேசாதிபதியின் முன் நிறுத்தப்பட்ட இயேசுநாதர், தமது உயிர் அவன் கையில் இருந்தபோதும், அவனது அதிகாரத்துக்கு மேலே ஓர் அதிகாரம் உண்டென்று அவனுக்கே நினைவூட்டினார். சைவரும் கிறிஸ்தவரும் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்ட கதைகள் இவை.

எமது தொழிலின் மொழியிற் சொல்வதானால், நம்பிக்கையுடையவன் தனக்கு மேன்முறையீடு உண்டென்று அறிந்தவன். கீழ்மன்றின் தீர்ப்பை அவன் இறுதித் தீர்ப்பாகக் கொள்வதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மேன்மன்று இருக்கிறது என்பதற்காகக் கீழ்மன்றில் வழக்கே தாக்கல் செய்யாதவனின் மேன்முறையீட்டை எந்த நீதிபதி ஏற்பார்? ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி வீட்டிலிருப்பவர், வழக்கைத் தாக்கல் செய்யாமல் தீர்ப்பை எதிர்பார்ப்பவர்.

நமது அரசியல் வரலாறு இதை மறக்கவில்லை. 1956 யூன் 5ஆந் திகதி, தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்தில் வந்த நாளில், காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தார்கள். காடையர் தாக்கினார்கள். அமிர்தலிங்கம் தலையிற் காயத்தோடு பாராளுமன்றம் சென்றார். திருப்பி ஒரு கல்லையேனும் எறியாத அந்தத் தொண்டர்களை வழிநடத்திய செல்வநாயகம் கிறிஸ்தவர். அவர் பின் சென்றோரிற் பெரும்பாலார் சைவர். அவரது சமயம் எது என்று யாழ்ப்பாணத்துக் கமக்காரன் ஆராயவில்லை. அவர் தமது சமயத்தை உண்மையாக வாழ்ந்தார் என்பதே அவனுக்குப் போதுமாயிருந்தது. 1961 பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி முன்றலில் தொடங்கிய சத்தியாக்கிரகத்திலும் அவ்வாறே மக்கள் வாரக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்து அதை முடித்தன.

கோடீஸ்வரன் வழக்கை இங்குள்ள உத்தியோகத்தர்கள் சிறப்பாக எண்ணிப்பார்க்க வேண்டும். அவர் கேகாலைக் கச்சேரியில் ஒரு எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தமையால் 1962இல் அவரது சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. சிறிய தொகை அது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றில் தோற்றார். 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் அந்தத் தோல்வியை நீக்கி, அரசியலமைப்புப் பற்றிய வினாவை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. பின்னர் கோமறைக் கழகத்துக்கான வழியும் மூடப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்து, சிறுபான்மையோருக்குக் காப்பாயிருந்த 29ஆம் பிரிவையும் இல்லாமற் செய்தது. அந்த வினாவுக்கு விடை கிடைக்கவேயில்லை. ஆயினும் 1987இல் பதின்மூன்றாம் திருத்தம், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று எழுதியது. ஓர் எழுதுவினைஞர் கேட்ட கேள்விக்கு நாடு கால் நூற்றாண்டு கழித்து, பெருந்துன்பங்களின் பின், அரைமனதோடு இணங்கியது. அந்த எழுத்து இன்றும் எத்தனை அலுவலகங்களில் வெறும் எழுத்தாகவே கிடக்கிறது என்பதை, தமிழில் ஒரு கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருந்தவர்கள் அறிவார்கள்.

இவையெல்லாம் படித்தவர்கள் செய்த காரியங்கள் என்று கமக்காரர்கள் எண்ணவேண்டாம். இரணைதீவு மக்களை நினைத்துப் பாருங்கள். 1992இல் தங்கள் தீவைவிட்டு இடம்பெயர்ந்தவர்கள். போர் முடிந்த பின்னரும் கடற்படை அங்கே குடியிருந்தது. 2017 மே 1ஆந் திகதி இரணைமாதா நகரில் போராட்டம் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஓராண்டு யாரும் செவிசாய்க்கவில்லை. 2018 ஏப்ரல் 23ஆந் திகதி, வெள்ளைக் கொடிகளை ஏந்திக்கொண்டு, பெண்களும் ஆண்களும் குருமாரும் தோணிகளில் ஏறித் தங்கள் தீவுக்குச் சென்றார்கள். கரையில் இறங்கியதும் முதலில் எங்கே போனார்கள்? இடிந்து நின்ற தங்கள் தேவாலயத்துக்குச் சென்று செபித்தார்கள். பிறகு, இனிப் போவதில்லை என்று அங்கேயே தங்கிவிட்டார்கள். அடுத்த மாதமே, அவர்கள் அங்கு இருக்கலாம் என்று அரசு இணங்கியது. அந்தப் பெண்களிடம் ஆயுதம் இல்லை, பணம் இல்லை, சட்டப் புத்தகம் இல்லை. கையில் செபமாலை இருந்தது. முந்தானையில் காணி பற்றிய கடதாசிகள் இருந்தன. இரண்டும் சேர்ந்திருந்ததை நீங்கள் நினைவில் வைக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இவ்வாறு முடிந்தது என்று சொன்னால் நாம் பொய்யர் ஆவோம். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆந் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் அமர்ந்தார்கள். ஆண்டுகள் பல சென்றன. பதில் பெறாமலே கண்மூடிய தாய்மார் பலர். அவர்களைப் பார்த்து, “நம்பிக்கையோடிருங்கள்” என்று சொல்ல எமக்கு நா எழுவதில்லை. நம்பிக்கை எது என்பதை அவர்களிடமிருந்தே நாம் கற்க வேண்டியிருக்கிறது. பலன் தெரிந்தபின் உழைப்பது வியாபாரம். பலன் தெரியாதபோதும், இது உண்மை, இதைக் கேட்டே தீருவோம் என்று நாள்தோறும் வந்து அமர்வது நம்பிக்கை.

கொட்டாஞ்சேனைக்கு வருவோம். இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசர் கோயிலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம். அங்கே மெழுகுதிரி ஏற்றுவோரில் விபூதி தரித்தோரும் உண்டு, சிங்களவரும் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, அங்கும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோரின் உறவினர் செபித்தார்கள். அத்தோடு நில்லாது வழக்கும் தொடுத்தார்கள். 2023 சனவரி 12ஆந் திகதி, ஏழு நீதியரசர்கள் கொண்ட உயர் நீதிமன்றம், எச்சரிக்கை கிடைத்தும் மக்களைக் காவாத பொறுப்பு முன்னாள் சனாதிபதியையும் உயர் அதிகாரிகளையும் சாரும் எனத் தீர்த்தது. மைத்திரிபால சிறிசேன தமது சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் செலுத்தவேண்டும் எனக் கட்டளையிட்டது. பணம் உயிருக்கு ஈடாகாது. முழு உண்மைக்கும் அது ஈடாகாது. ஆயினும், நாட்டின் முதற் குடிமகனாயிருந்தவரும் சாதாரணக் குடும்பங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரே என்பது அன்று ஏட்டில் ஏறியது.

அன்பர்களே, இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நம்பிக்கை அச்சத்தை நீக்குவதோடு மனச்சான்றையும் விழிப்பிக்கிறது. 2007இல் வெள்ளவத்தையில் கதவு தட்டப்பட்டதை எண்ணி நாம் கொதிக்கிறோம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அங்கே தடையுத்தரவு பிறப்பிக்க ஒரு மன்றும் இருக்கவில்லை. தமிழரின் பெயரால் நடந்தது அது. அன்று அச்சத்தால் பேசாதிருந்தோம் என்றால், அதை இன்றேனும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளாத வாயால் 2007ஐப் பற்றி நாம் பேசும் நியாயம் பாதி நியாயமே. எல்லோருக்கும் நீதி வேண்டும் என்று வேண்டாத பிரார்த்தனை எந்தச் சந்நிதியிலும் ஏறாது.

இறுதியாக, செய்யவேண்டியவற்றைச் சொல்லி அமர்கிறோம். வலிகாமம் வடக்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் ஒருமுறை எம்மிடம் வந்தார். 1990இல் இடம்பெயர்ந்தவர். பொலித்தீன் பையினுள் ஒரு தேவாரப் புத்தகம். அதன் நடுவே மடித்து வைத்த காணி உறுதி. “தம்பி, இரண்டும் நனையாமல் கொண்டு திரிந்தனான்” என்றார். அந்தப் பெரியவர் செய்ததையே நாம் உங்கள் எல்லோரிடமும் கேட்கிறோம். கமக்காரப் பெருமக்களே, உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பேணிப் பிரதி எடுத்து வையுங்கள். நடந்ததை நாளும் நேரமும் குறித்து எழுதி வையுங்கள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தை ஒரு மாதத்துள் நாடவேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. அந்த மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அதன் விசாரணைக் காலம் கணக்கிற் சேராது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆயினும் அதை நம்பித் தாமதிக்காதீர்கள். அழுவதற்கு ஆயுள் முழுவதும் உண்டு, அன்பர்களே. மனுவுக்கு முப்பது நாளே உண்டு.

உத்தியோகத்தர்களே, வைத்தியர்களே, சட்டத்தரணிகளே! வெள்ளவத்தையின் மாடிவீடுகளிலிருந்து கடலைப் பார்ப்பதோடு நமது கடன் முடிந்துவிடவில்லை. மாதத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். ஒரு சத்தியக் கடதாசி எழுதிக் கொடுங்கள். ஒரு கடிதத்தை மொழிபெயர்த்துக் கொடுங்கள். பொலிஸ் நிலையத்துக்குத் தனியே போக அஞ்சும் ஒருவரோடு கூடப் போங்கள். அர்ச்சனைச் சீட்டுக்கு நாம் செலவிடும் நேரத்தில் பாதி போதும்.

கோயிலுக்குப் போங்கள், தேவாலயத்துக்குப் போங்கள், பள்ளிவாசலுக்குப் போங்கள். அங்கே அச்சத்தை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். வந்து, கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டிய இடத்தில் கேளுங்கள். கேட்பவர் பக்கத்தில் நாமும் நிற்போம்.