நோயாளர் சாட்சியா, வழக்காளியா?

(வவுனியாவில் கமக்காரரும் வைத்தியத் துறையினரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



நீதிமன்றத்தில் பழகிய எமக்கு ஒரு வேறுபாடு நன்கு தெரியும். சாட்சி வேறு, வழக்காளி வேறு. கேட்ட கேள்விக்கு விடை சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கவேண்டியவர் சாட்சி. எதைக் கேட்பது, எதை விடுவது என்பது அவர் கையில் இல்லை. வழக்காளியோ தம் முறையீட்டைத் தாமே வகுக்கிறார்; தீர்ப்பைக் கேட்டறியும் உரிமையும் அவருக்குண்டு. வைத்திய ஆராய்ச்சியில் நோயாளருக்குப் பெரும்பாலும் கிடைத்துவந்தது எந்த இடம்? சாட்சியின் இடங்கூட அன்று. அவருடைய குருதியும் சிறுநீரும் சான்றுப் பொருள்களாகப் போத்தலில் அடைபட்டுப் போயின. அவர் வீடு திரும்பினார்.

"சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கினோமே" என்பார்கள். 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கிப் பிரகடனம் அந்தச் சம்மதத்தை வற்புறுத்தியது. அது பெரும் பாதுகாப்பு. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆயின் சம்மதம் என்பது பிறர் வகுத்த திட்டத்திற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் உரிமை மாத்திரமே. திட்டத்தை வகுக்கும் மேசையில் ஆசனம் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அந்த ஆசனம் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்குச் சிறுநீரக வைத்தியத்திலேயே சான்றுண்டு. சிறுநீரகம் செயலிழந்தோரின் குருதியை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் சிகிச்சையைப் பற்றி எண்ணற்ற ஆராய்ச்சிகள் நடந்தன. பலவற்றில் அளக்கப்பட்டவை குருதியிலுள்ள கல்சியம், பொசுபேற்று முதலியன. சிட்னியைத் தளமாகக் கொண்ட 'சொங்' என்னும் ஆராய்ச்சி முயற்சியினர், எதை அளக்கவேண்டும் என்று நோயாளரையும் வைத்தியரையும் ஒருங்கே வினவினர். 73 நாடுகளைச் சேர்ந்த 1,181 பேர் விடையளித்த அவ்வாய்வு 2017இல் வெளிவந்தது. வைத்தியர்கள் மரணத்திற்கும் வைத்தியசாலை அனுமதிக்கும் கூடிய மதிப்பளித்தனர். நோயாளரும் அவரைப் பராமரிப்போருமோ, பயணம் செய்ய இயலுமா, இயந்திரத்தை விட்டு எத்தனை நேரம் விலகியிருக்கலாம், சிகிச்சை முடிந்தபின் உடல் துவண்டு விழாதிருக்குமா என்பவற்றுக்குக் கூடிய மதிப்பளித்தனர். முடிவில், எல்லா ஆராய்ச்சிகளிலும் தவறாது அளக்கவேண்டியவற்றுள் 'களைப்பு' ஒன்றாக ஏற்கப்பட்டது. களைப்பு! நம் தாய்மார் எவரும் முதல் வார்த்தையிலே சொல்லும் முறைப்பாடு. அது உலக ஆராய்ச்சியின் ஏட்டிலேற இத்தனை காலம் ஏன் சென்றது? கேட்கப்படவேண்டியவர் கேட்கப்படாமையே காரணம் என்பது நம் துணிபு.

இனி இணையவழிச் செயலமர்வுகளுக்கு வருவோம். கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டவர் வெளிநாட்டு மாநாட்டுக்கு எப்படிப் போவார்? கொழும்புக்குத்தான் எப்படிப் போவார்? 2020இல் கொவிட் கொள்ளைநோய் எல்லாக் கதவுகளையும் அடைத்தபோது வேறொரு கதவு திறந்தது. அந்நோய்க்கான மருந்துப் பரிசோதனைகளில் எவற்றை அளப்பது என்று தீர்மானிக்க நோயாளர், குடும்பத்தினர், வைத்தியர் ஆகியோர் இணையத்தின் வழியே ஒன்றுகூடிக் கலந்துரையாடினர். மரணம், உறுப்புச் செயலிழப்பு முதலியவற்றோடு மூச்சுத்திணறலும் அப்பட்டியலில் இடம்பெற்றது. நோய் நீங்கியதாகச் சொல்லப்பட்டபின்னும் மாதக்கணக்கில் வருந்தியோரை ஆராய்ச்சியாளர் கவனிக்குமுன்பே, அந்நோயாளர்கள் இணையத்தில் கூடித் தம் நோயைத் தாமே ஆராயத் தொடங்கினர் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

இவை நம் மண்ணுக்குத் தொலைவான செய்திகளல்ல. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வட மத்திய மாகாணத்திலே, மதவாச்சி, பதவியா போன்ற கமக்காரப் பகுதிகளில் கண்டறியப்பட்டது. வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளையும் அது விட்டுவைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் நம் சுகாதார அமைச்சும் 2009 தொடக்கம் 2012 வரை ஆராய்ந்தன. கட்மியம் என்றனர், ஆசனிக்கு என்றனர், புளோரைட்டும் நீரின் கடினத்தன்மையும் என்றனர், கிருமிநாசினி என்றனர், வெயிலும் நீரிழப்பும் என்றனர். 2015இல் கிளைபோசேற்றைத் தடைசெய்தனர். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினர். எல்லோரும் ஒப்பும் முடிவு இன்னும் பிறக்கவில்லை.

"கமக்காரனுக்கு ஆராய்ச்சியில் என்ன தெரியும்?" என்று கேட்போர் உளர். எந்தக் கிணற்று நீர் எந்த மாதத்தில் சுவை மாறுகிறது என்பது யாருக்குத் தெரியும்? நண்பகல் வெயிலில் எத்தனை மணி நேரம் தண்ணீர் குடியாமல் மண்வெட்டி பிடிக்கிறான் என்பது யாருக்குத் தெரியும்? ஆராய்ச்சியாளர் நோயின் காரணத்தைத் தேடுகிறார், அது தேவையே. ஆனால், நோய் கண்டவர் வீட்டில் பிள்ளைகளை எப்போது பரிசோதிப்பது, எந்த வேலையை விடுவது, ஊரார் அறிந்தால் மகளின் கலியாணம் தடைப்படுமா என்பவையும் கேள்விகளே. வாழ்க்கை அவற்றின் மேல் நடக்கிறது.

செயலமர்வு என்ற பெயரால் ஒரு வெறுங் கண்காட்சி நடப்பதையும் நாம் ஏற்கமாட்டோம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அரசாங்கக் கடிதத்தை வாசிக்க ஆள் தேடி அலைந்த மக்கள் நாம். ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் நம்மவர் முகத்தை மட்டும் திரையில் காட்டுவது பங்கேற்பன்று. தமிழ் பேசுவோருக்குத் தமிழிலும் சிங்களம் பேசுவோருக்குச் சிங்களத்திலும் நடத்தி, இடையே மொழிபெயர்ப்பாளரை இருத்துக. பதவியாக் கமக்காரனுக்கும் நமக்கும் இதில் வழக்கு ஒன்றே. விதைப்பு நாளிலும் அறுவடை நாளிலும் கூட்டம் வைக்கவேண்டாம். இணைப்புக்கான செலவையும் இழந்த நாட்கூலியையும் ஆராய்ச்சிப் பணத்திலிருந்தே கொடுக்கவேண்டும். பிரித்தானியாவில் இவ்வாறு கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஓரறை வீட்டில் இருந்துகொண்டு கைத்தொலைபேசியில் தன் நோயைப் பேசினால் அயலெல்லாம் கேட்கும். ஆகவே கூட்டுறவுச் சங்க மண்டபத்திலோ பாடசாலையிலோ ஒரு தனியறையும் ஒரு திரையும் ஏற்பாடாகட்டும். எட்டுப் பத்துப் பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். பெரிய கூட்டத்தில் வைத்தியரே பேசுவார், நோயாளர் தலையாட்டுவார். ஆராய்ச்சியின் முடிவு எதுவாயினும், குருதி கொடுத்தவருக்கு அவர் மொழியில் அது அறிவிக்கப்படவேண்டும்.

வைத்தியப் பெருமக்களே, உங்கள் அறிவை நாம் மறுக்கவில்லை. அதற்கு வழிகாட்டக்கூடியவரை உங்கள் அருகில் இருத்துங்கள் என்கிறோம்.

கமக்காரச் சகோதரர்களே, வாயிற் பக்கத்து மேசையில் ஒரு கொப்பி வைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பெயர் அதில் வேண்டாம். இந்நோயைப் பற்றி ஆராய்ச்சியாளர் கேட்கத் தவறிய கேள்வி என்று நீங்கள் எண்ணுவதை எழுதுங்கள். எழுத இயலாதவர் சொன்னால் நம் இளைஞர் எழுதித் தருவார்கள். இம்மாவட்டத்தில் ஆராய்ச்சி நடத்த வருவோர் அனைவர் கையிலும் அக்கொப்பியின் பிரதியை நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.