அய்யம்பேட்டை ஆயாவுக்குப் பெயர் கிடைத்த கதை: ஃபேமிலி ட்ரீயில் ஊரை எழுதுவது எப்படி?

பெயரை வைத்து ஆளைத் தேடுவது எல்லோருக்கும் தெரியும். இன்று ஊரை வைத்து ஆளைத் தேடுவது பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். ஃபேமிலி ட்ரீ சாஃப்ட்வேரில் ஒருவரைச் சேர்க்கும்போது 'பிளேஸ்' என்று ஒரு கட்டம் வருமே, அதில் என்ன எழுதுவது என்பதுதான் விஷயம். இதுக்கு ஒரு முழு எபிசோடா என்று கேட்காதீங்க, கொஞ்சம் பொறுங்க.

எங்களுக்குச் சொந்த ஊர் திருமுக்கூடல். காஞ்சிபுரம் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்று சேருகிற இடம். எதிர்க்கரையில் பழையசீவரம். மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் பழையசீவரம் வந்துவிட்டு, ஆற்றைத் தாண்டி எங்கள் ஊருக்கும் வருவார். தாத்தா காலத்தில் தறி வேலைக்காகப் பாதிக் குடும்பம் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்குப் போய்விட்டது. இப்போது சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கிறோம்.

சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகள் என்று பத்துப் பேர் சேர்ந்து ஒரே ட்ரீயில் ஆளாளுக்குத் தெரிந்ததைச் சேர்க்க ஆரம்பித்தோம். ஆட்கள் நிறைய சேர்ந்த பிறகு ஒரு நாள் ஊர்களின் பட்டியலை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தேன். எங்கள் ஒரே ஊர் அதில் பல அவதாரம் எடுத்திருந்தது. திருமுக்கூடல், திருமுக்கூடலூர், முக்கூடல். ஆங்கிலத்தில் 'எச்' போட்டது ஒன்று, போடாதது ஒன்று, 'கே' இரட்டித்தது ஒன்று. 'பழையசீவரம் ஸ்டேஷன் அருகில்' என்று ஒன்று. 'வாலாஜாபாத்' என்று ஒன்று. ஒரு புண்ணியவான் 'நேட்டிவ்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தார்.

நமக்கு எல்லாம் ஒரே ஊர் என்று தெரியும். சாஃப்ட்வேருக்குத் தெரியாது. ஒரு எழுத்து மாறினாலும் அதற்கு அது வேறு ஊர். மேப்பைத் திறந்தால் இன்னும் வேடிக்கை. 'முக்கூடல்' என்றால் அது திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலுக்குப் போகிறது. 'திருமுக்கூடலூர்' என்றால் கரூர் பக்கம், அமராவதி காவிரியில் கலக்கிற ஊர். ஆங்கிலத்தில் கொஞ்சம் தடம் மாறினால் கர்நாடகாவில், கபினி காவிரியோடு சேருகிற திருமகூடலு நரசிபுரா. ஆறுகள் சேருகிற இடத்துக்கெல்லாம் நம் ஆட்கள் ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள், மேப்பைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் அந்த மேப்பை நம்பினால், ஆயுசுக்கும் காஞ்சிபுரத்தைத் தாண்டாத என் கொள்ளுத்தாத்தா தாமிரபரணிக் கரையில் பிறந்து, கரூரில் கல்யாணம் பண்ணி, வாலாஜாபாத்தில் போய்ச் சேர்ந்தவர்.

இதில் சிரிக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கம் வாக்கப்பட்டு வந்த பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்தக் காலத்தில் அபூர்வம். பிறந்த ஊர்தான் அவளுக்குப் பெயர். மாகரல் ஆயா, சீவரத்து ஆயா, அய்யம்பேட்டை ஆயா. இரண்டு தலைமுறை போனால் உண்மையான பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. ஆண்களுக்குப் பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, அப்பா பெயரின் முதல் எழுத்தாக மகன் பெயருக்கு முன்னால் உட்காருகிற வசதியும் இருக்கிறது. இந்தப் பெண்களுக்கு மிஞ்சியது ஊர் ஒன்றுதான். அதையும் நாம் ஒழுங்காக எழுதாவிட்டால் அவர்களைத் தேட வேறு வழியே கிடையாது. எங்கள் ட்ரீயில் பல மருமகள்களுக்குப் பிறந்த ஊர்க் கட்டத்தில் கணவனின் ஊரையே காப்பி, பேஸ்ட் பண்ணி வைத்திருந்தார்கள்.

அய்யம்பேட்டை ஆயா என் தாத்தாவின் அம்மா. அவர் பிறந்த ஊருக்கு நேராகத் தஞ்சாவூர் மாவட்டத்து அய்யம்பேட்டை விழுந்திருந்தது. டைப் பண்ணும்போது சாஃப்ட்வேர் தானாக நீட்டிய பெயரை யாரோ அப்படியே அழுத்திவிட்டார்கள். வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு அய்யம்பேட்டை இருக்கிறது, நெசவாளர்கள் ஊர். சம்பந்திவழிச் சொந்தம் ஒருவர் தன் குடும்பத்தைச் சேர்த்தபோது அதைச் சரியாகவே எழுதியிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு பெண், 'முக்கூடலில் கட்டிக்கொடுத்தது' என்ற குறிப்போடு, கணவன் பெயர் இல்லாமல் அந்தரத்தில் நின்றிருந்தாள். ஊர்களை எல்லாம் ஒன்றாக்கிவிட்டு, அய்யம்பேட்டையில் பிறந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்த்தபோது இரண்டு பேரும் அடுத்தடுத்த வரியில் வந்தார்கள். வயதும் பொருந்தியது. இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் போனில் பேச வைத்தோம். ஒரே ஆள்தான். அவர்கள் பக்கத்தில் அவளுடைய பெயர் தெரிந்திருந்தது. பெயரை இங்கே சொல்லவில்லை, வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் இப்போது ட்ரீயில் அந்தக் கட்டம் காலியாக இல்லை.

சரி, எப்படி எழுதுவது? வம்சாவளி சாஃப்ட்வேர்கள் ஒன்றோடொன்று தகவல் மாற்றிக்கொள்ள ஜெட்காம் என்று ஒரு ஃபைல் வடிவம் இருக்கிறது. ஃபேமிலிசர்ச் அதைப் பராமரிக்கிறது, 7.0 பதிப்பு 2021-ல் வந்தது. அதில் இடம் வேறு, முகவரி வேறு. இடத்தைச் சின்னதிலிருந்து பெரியதாக, கமா போட்டு எழுத வேண்டும்: ஊர், வட்டம், மாவட்டம், மாநிலம், நாடு. வட்டம் தெரியவில்லையா, கமாவை மட்டும் விட்டுவிட்டு நகருங்க. 'அருகில்', 'பக்கத்தில்', 'நேட்டிவ்' எல்லாம் குறிப்புக்குப் போகட்டும்.

நம் கல்வெட்டுகளில் வரிசை தலைகீழ், பெரியதிலிருந்து சின்னது. உத்தரமேரூர்க் கல்வெட்டு காலியூர்க் கோட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்கு வரும். எங்கள் ஊர்ப் பெருமாள் கோயிலிலேயே வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி, அதில் வேலை பார்த்தவர்கள், இருந்த மருந்துகள் எல்லாம் அதில் வருகின்றன. வைத்தியரின் பெயர் கோதண்டராமன் அசுவத்தாமபட்டன். ஆனால் பெயருக்கு முன்னால் ஆலப்பாக்கம் என்று ஊர் வந்துவிடுகிறது. 11-ஆம் நூற்றாண்டுப் பழக்கம். நம் தாத்தாக்களின் இரண்டு இனிஷியலில் முதலாவது ஊர் என்பது இதன் தொடர்ச்சிதான்.

அந்த இனிஷியலிலேயே ஒரு சிக்கல் உண்டு. காஞ்சிபுரத்து அண்ணாவையே எடுத்துக்கொள்ளுங்க. சி.என். அண்ணாதுரையில் அந்த 'சி' எந்த ஊர்? காஞ்சிபுரம்தான். ஆங்கிலேயர் காலத்தில் 'கான்ஜீவரம்' என்று எழுதியபோது வந்த 'சி'. அவரை ட்ரீயில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். பிறந்தது 1909 செப்டம்பர் 15. சாஃப்ட்வேர் 'காஞ்சிபுரம், காஞ்சிபுரம் மாவட்டம், தமிழ்நாடு, இந்தியா' என்று நீட்டும். 1909-ல் அந்த மாவட்டமும் கிடையாது, அந்தப் பெயரில் மாநிலமும் கிடையாது. செங்கல்பட்டு மாவட்டம், சென்னை மாகாணம், பிரிட்டிஷ் இந்தியா என்பதுதான் அன்றைய நிலை. காஞ்சிபுரம் மாவட்டம் 1997 ஜூலை 1-ல்தான் வந்தது. அவர் மறைந்தது 1969 பிப்ரவரி 3, சென்னையில். அதற்கு 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று போடலாமா? கூடாது. 1969 ஜனவரி 14 அன்றே அது தமிழ்நாடு ஆகிவிட்டது, அவர் முதலமைச்சராக இருந்தபோதே. இருபது நாள் வித்தியாசம். நகரம் மட்டும் ஆங்கிலத்தில் 1996 வரை மெட்ராஸ்.

இது வெறும் பிடிவாதம் இல்லை. பழைய ஆவணங்களில் அந்தக் காலத்து மாவட்டம், வட்டத்தின் பெயர்தான் இருக்கும். பழைய கல்வெட்டு நூல்களில் திருமுக்கூடலைத் தேடினால் மதுராந்தகம் வட்டத்தில் கிடைக்கும். 2019 நவம்பர் 29-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மதுராந்தகம் அந்தப் பக்கம் போய்விட்டது, எங்கள் ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. இன்றைய மாவட்டத்தை மட்டும் எழுதி வைத்தால் தேடுகிற பேரப்பிள்ளை தப்பான கட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

கிராம்ப்ஸ் என்கிற இலவச சாஃப்ட்வேர் இதை நன்றாகக் கையாளுகிறது, எனக்குப் பிடித்தது அதுதான். அதில் ஊர் என்பது ஒரே ஒரு பதிவு. அதற்குள் மாற்றுப் பெயர்கள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த மாவட்டத்துக்குள் இருந்தது என்றும் சொல்லலாம். அட்சரேகை, தீர்க்கரேகையையும் கொடுத்துவிட்டால் நெல்லைக்கு ஓடாது. ஒரே வரிதான் எழுத முடியும் என்கிற சாஃப்ட்வேர் என்றால் நான் இப்படிச் செய்வேன்: ஊர்ப் பெயர் இன்றைய தமிழ் எழுத்தில், மாவட்டமும் மாநிலமும் அந்தக் காலத்துப்படி. ஆவணத்தில் எப்படி எழுதியிருந்ததோ, அந்தப் பிழையோடு, குறிப்பில் அப்படியே.

தமிழில் எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது ஞாபகம் இருக்கா? சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அரசாங்கத்துக்கே முடியாததை நாம் ஆங்கிலத்தில் ஒழுங்குபடுத்தப் போகிறோமா?

முகவரி பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. கதவு எண், தெரு, பழைய நம்பர், புது நம்பர் எல்லாம் முகவரிக் கட்டத்துக்கு மட்டும். இடத்துக்குள் அதைத் திணித்தால் ஒவ்வொரு வீடும் ஒரு ஊர் ஆகிவிடும். தெருப் பெயர்களும் மாறும், சாதி வால் நீங்கிய தெருக்கள் எத்தனையோ. கடிதத்தில் இருந்த பெயரையே தேதியோடு போடுங்க. 1955 முகவரி ஒன்றில் பின்கோடு இருந்தால் உஷாராகுங்க. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல், ஆக யாரோ பின்னால் சேர்த்திருக்கிறார்கள். உயிரோடு இருப்பவர்களின் வீட்டு முகவரியைப் பொதுவில் தெரிகிற ட்ரீயில் தயவுசெய்து ஏற்றாதீங்க.

எங்கள் பட்டியலில் இப்போது திருமுக்கூடல் ஒன்றே ஒன்றுதான். ஆனால் மாகரல் ஆயாவின் கட்டத்தில் இன்னும் 'மாகரல்' மட்டும்தான் இருக்கிறது. மாகரலில் பெண் எடுத்தவர்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், 'திருமுக்கூடலில் கட்டிக்கொடுத்தது' என்று உங்கள் வீட்டில் யாரையாவது சொல்வார்களா, ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.