மேசைமேல் ஒரு பாய்மரக் கப்பல்



வளர்ந்த மனிதர் ஒருவர், அலுவலகம் விட்டு வந்த மாலைப்பொழுதில், கையில் சிறு இடுக்கியும் நூலுமாக உட்கார்ந்துகொண்டு, இரண்டு சாண் நீளமுள்ள மரக்கப்பலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தால், வீட்டில் உள்ளவர்கள் நகைப்பது இயல்பே. குழந்தைக்காகச் செய்கிறாரோ என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் இன்னும் அதிகமாக நகைப்பார்கள். ஓவியம் தீட்டுகிறவரையும் வீணை பழகுகிறவரையும் நாம் அப்படிக் கேட்பதில்லை. சிறிய உருவில் ஒன்றைச் செய்தால் அது பொம்மை, பொம்மையென்றால் அது குழந்தைக்கே உரியது என்று எப்படியோ முடிவுகட்டிவிட்டோம். பாய்மரக் கப்பல்களின் மாதிரிகளைக் கட்டும் பொழுதுபோக்கைப் பொறுத்தமட்டிலாவது அந்த முடிவு பொருந்தாது என்பது என் கருத்து.

இது மிகப் பழைய வழக்கம். எகிப்தில் மெக்கெட்ரே என்ற உயர் அதிகாரியின் கல்லறையை 1920-ல் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் செய்து வைத்த மரப் படகுகள், துடுப்பு வலிக்கும் ஆட்களோடு, வண்ணம்கூட மங்காமல் கிடைத்தன. நம் நாட்டில் குஜராத்தின் லோத்தலில் சுட்ட மண்ணாலான படகு உருவங்கள் அகப்பட்டிருக்கின்றன. ஆனால் பழமையை மட்டும் காட்டி ஒரு பொழுதுபோக்குக்குப் பெருமை தேடுவதில் எனக்கு விருப்பமில்லை. மாதிரிக் கப்பலால் என்ன பயன் விளைந்தது என்று பார்ப்போம்.

இரண்டு வகை மாதிரிகளை ஒப்பிட்டால் இது விளங்கும். இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்ற இடத்தில் 1797-ல் போர்க் கைதிகளுக்கென ஒரு பெரும் பாசறை திறந்தார்கள். பிரெஞ்சுக்காரரோடு நடந்த போர்களில் பிடிபட்ட ஆயிரக்கணக்கானோர் அங்கே ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். பொழுது போகவேண்டும், கையில் நாலு காசும் வேண்டும். உணவோடு வந்த இறைச்சியின் எலும்புகளைச் சேர்த்து வைத்துச் சுத்தம் செய்து, மெல்லிய பட்டைகளாகச் சீவி, மரத்தாலான உட்கூட்டின்மேல் பலகை பலகையாகப் பதித்து, தந்தத்தில் கடைந்ததோ என்று மயங்கும்படியான போர்க்கப்பல்களைச் செய்தார்கள். பாசறை வாயிலில் கூடும் சந்தையில் அவற்றை விற்றார்கள். அவற்றுட் பல இன்றும் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பார்த்தவர் வியக்காமல் இருக்க முடியாது. ஆயினும் இவ்வகை மாதிரிகளில் பலவற்றின் பாய்மரங்கள் அளவுக்கு மீறி உயர்ந்திருக்கும், பீரங்கிகள் பருத்திருக்கும். கைதியிடம் வரைபடம் ஏது? நினைவு ஒன்றுதான் அவனுக்குத் துணை. வாங்குகிறவனின் கண்ணையும் கவரவேண்டும். ஆகவே அழகு நிறைந்தது, அளவு தவறியது.

இதற்கு நேர்மாறானவை, பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆங்கிலக் கடற்படை நிர்வாகத்தாரின் வட்டத்தில் தோன்றிய மாதிரிகள். பெரும்பாலும் ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில், அதாவது நாற்பத்தெட்டில் ஒரு பங்காக, இவற்றைச் செய்தார்கள். நீருக்குள் மூழ்கும் அடிப்பகுதியில் பலகை பொருத்தாமல், விலா எலும்புகள் போன்ற சட்டங்கள் வெளியே தெரியும்படி விட்டுவிடுவது இவற்றின் தனி அடையாளம். நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் அந்த நிர்வாகத்தில் உயர் பதவி வகித்தவர். அவரும் இத்தகைய மாதிரிகளில் பெருவிருப்பம் கொண்டவர். அக்காலத்துக் கப்பல்கள் கடலில் மூழ்கியோ, எரிந்தோ, விறகாக உடைபட்டோ போய்விட்டன. ஆனால் அவற்றின் உடல் எப்படி வளைந்திருந்தது, பின்புறத்துச் சிற்ப வேலை எப்படி இருந்தது என்று இன்று அறிய விரும்புகிறவர், கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கோ, அமெரிக்காவில் அன்னாபோலிஸ் கடற்படைக் கழகத்துக்கோ சென்று நேரிலே பார்த்துக்கொள்ளலாம்.

நம் கப்பல்களுக்கு இப்படி ஏதேனும் உண்டா? மிகக் குறைவு. நம் கடற்கரைத் தச்சர்கள் காகிதத்தில் கோடு கிழித்துக் கப்பல் கட்டியவர்கள் அல்லர். அளவு முழுவதும் தலைமைத் தச்சரின் கண்ணிலும் கையிலும் இருந்தது. மகனுக்கும் மருமகனுக்கும் வேலையின் நடுவிலேயே கைமாறியது. அதில் குறையொன்றுமில்லை. ஆனால் கட்டுவது நின்றுபோனால், சான்று ஒன்றும் மிஞ்சாது.

எட்மோன் பாரிஸ் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1826-க்கும் 1840-க்கும் இடையே மூன்று முறை நெடுங்கடற் பயணம் செய்தார். சென்ற துறைமுகந்தோறும் அந்தந்த நாட்டுப் படகுகளை அளந்து வரைந்துகொண்டார். நம் சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் தோணியும் அவருடைய ஏடுகளில் இருக்கின்றன. அலையைக் கடந்து கரைக்கு ஆளும் சரக்கும் ஏற்றிவந்த சலங்கும் இருக்கிறது; நம் சொல்லையே பிரெஞ்சு எழுத்தில் ‘ஷெலாங்’ என்று எழுதிக்கொண்டார்கள். 1871-ல் பாரிஸ் நகரத்துக் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றபின், தாம் வரைந்தவற்றைப் பார்த்து மாதிரிகளும் செய்வித்தார். நம் பாட்டனார் ஏறிய படகின் அளவை அறிய நாம் ஒரு பிரெஞ்சுக்காரரின் குறிப்பைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். எனினும் சற்று நாணமாகவும் இருக்கிறது.

அண்மையில் நடந்ததையும் சொல்கிறேன். பழங்கால இந்தியக் கப்பல் ஒன்றைத் திரும்பக் கட்டிக் கடலில் செலுத்துவதென்று 2023-ல் கலாசார அமைச்சகமும் இந்தியக் கடற்படையும் முனைந்தன. வரைபடம் இல்லை, மாதிரி இல்லை, எஞ்சிய கப்பலும் இல்லை. அஜந்தாக் குகையில் ஐந்தாம் நூற்றாண்டில் தீட்டிய ஒரு சுவரோவியம் மட்டுமே கையில் இருந்தது. ஓவியன் தச்சன் அல்லன். அவன் காட்டிய பாய்மரத்திலிருந்து கப்பலின் உடலை ஊகித்துக்கொள்ளவேண்டியதாயிற்று. அந்த ஊகம் நீரில் நிலைக்குமா என்று சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையினர் மாதிரியைக் கொண்டு சோதித்தார்கள். பிறகு கேரளத்துத் தச்சர்கள் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். 2025 மே மாதம் 21-ம் தேதி காருவாரில் அக்கப்பல் ‘கௌண்டின்யா’ என்ற பெயருடன் கடற்படையில் சேர்ந்தது. அஜந்தாக் காலத்துத் தச்சர் ஒருவர் ஒரு முழ நீளத்தில் ஒரு மாதிரி செய்து, அது எங்கேயாவது ஒரு கோயில் உக்கிராண அறையில் தப்பிப் பிழைத்திருந்தால், இந்த உழைப்பில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும்!

சரி, நாம் தொடங்குவதானால் எந்தக் கப்பலைச் செய்வது? கடைகளில் தயார்ப் பெட்டிகள் விற்கின்றன. அவற்றுள் பெரும்பாலும் நெல்சனின் ‘விக்டரி’யும், தேயிலை ஏற்றிய ‘கட்டி சார்க்’கும்தான் இருக்கும். இரண்டும் சிறந்த கப்பல்களே. ஆனால் நான் சிபாரிசு செய்வது ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பலை. பெயர் நம் திருகோணமலை. பிறந்த இடம் பம்பாய். மலையாளக் கரைத் தேக்கினால் வாடியா குடும்பத்துப் பார்ஸி வல்லுநர்கள் கட்டி 1817 அக்டோபரில் நீரில் இறக்கினார்கள். அதற்கான வரைபடங்களை இங்கிலாந்திலிருந்து ஏற்றிவந்த ‘ஜாவா’ என்ற கப்பல் 1812 டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கரிடம் பிடிபட்டது. ஆகவே இரண்டாம் படி ஒன்றை அனுப்பவேண்டியிருந்தது. தேக்குடம்பு உளுக்கவில்லை. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் அக்கப்பல் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. மும்பையில் வாழும் நேயர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கப்பல் வேறு என்ன வேண்டும்?

அதன் பீரங்கித் தட்டின் நீளம் சுமார் 150 அடி. ஓர் அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று, அதாவது தொண்ணூற்றாறில் ஒரு பங்காகக் கொண்டால், உடல் பத்தொன்பது அங்குலத்துக்குள் அடங்கிவிடும். ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டிலும் இதற்கு இடம் உண்டு. இந்தக் கணக்கில் ஒரு மாலுமியின் உயரம் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. ஓர் அங்குலக் கனமுள்ள கயிறு தையல் நூலாகிவிடும்.

இங்கேதான் வேடிக்கை. கப்பலைச் சிறிதாக்கலாம், உலகத்தைச் சிறிதாக்க முடியாது. உண்மைக் கப்பல் தேக்கில் ஆனது என்பதற்காக மாதிரியையும் தேக்கில் செய்தால், அதன் பருத்த ரேகைகள் மாதிரியின் பலகையில் அரையடி அகல வரிகளைப் போலத் தோன்றும். நெருங்கிய இழையுள்ள மரம் வேண்டும். மஞ்சக்கடம்பு நன்று. சென்னபட்டணத்துப் பொம்மைக்காரரும் ஏட்டிகொப்பாக்கப் பொம்மைக்காரரும் கடையும் வெட்பாலையும் நன்று. கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் வாழும் நம்மவர்க்கு அது எளிதில் கிடைக்கும். மல்துணியால் பாய் செய்தால் அதன் இழைகள் கோரைப்பாய் போலத் தெரியும்; அதனால்தான் பலர் பாயே இல்லாமல் வெறும் மரங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் ஒன்று. மாதிரியைக் குளத்தில் மிதக்கவிட நினைப்பவர் அறியவேண்டியது: எல்லா நீளங்களையும் பத்தில் ஒன்றாக்கினால், பாயின் பரப்பு நூறில் ஒன்றாகும்; எடை ஆயிரத்தில் ஒன்றாகும். காற்று கப்பலைச் சாய்க்கும் ஆற்றல் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைய, நிமிர்த்தும் ஆற்றலோ பதினாயிரத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். ஆகவே அளவு தவறாத மாதிரி முதற் காற்றிலேயே கவிழும். அடியில் ஈயம் தொங்கவிட்டால் மிதக்கும்; ஆனால் அது உண்மைக் கப்பலின் வடிவம் அன்று.

உடலைச் செய்ய இரண்டு வழிகள். ஏராவின்மேல் சட்டங்களை நிறுத்தி, பலகைகளை நனைத்து வளைத்து ஒட்டுவது ஒன்று. வரைபடத்தின் நீர்மட்டக் கோடுகளின்படி பலகைகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒட்டி, உளியால் செதுக்கிச் சரிசெய்வது மற்றொன்று. புதியவர்க்கு இரண்டாவதே நலம். அதிலும் முதலில் அரைக் கப்பல் போதும். கப்பலின் இரு பக்கமும் ஒன்றுபோலவே இருப்பதால், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கப்பல் கட்டியவர்கள் பாதி உடலை மட்டும் மரத்தில் செதுக்கி, அதிலிருந்தே அளவெடுத்துப் பெருங்கப்பல் கட்டியதுண்டு. அதைப் பலகையில் பதித்துச் சுவரில் மாட்டலாம்.

கயிறு வேலைக்குத்தான் பொறுமை தேவை. பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவது வழக்கமாதலால் அவற்றுக்குக் கரிய நூல். இழுத்து விடும் கயிறுகளுக்குப் பழுப்பு நூல். நூலைத் தேன்மெழுகில் உரசியபின் கட்டினால் இழை சிலும்பாது. மாலுமி ஏறும் நூலேணிக்கு மட்டும் நூற்றுக்கணக்கான முடிச்சுகள். நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிக் கட்டிக்கொண்டு வரவேண்டும். இல்லாவிட்டால் பிறகு இடுக்கி உள்ளே நுழையாது. ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு வேலை உண்டென்று அப்போதுதான் தெரியும். வேலை தெரியாத கயிற்றைக் கட்ட இயலாது. எங்கே தொடங்கி எங்கே முடிவதென்று கை தடுமாறி நின்றுவிடும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கயிறு என்று ஒரே சொல்லால் எழுதிவிடலாம். மேசைமேல் கட்டும்போது அது போதாது. பாயை உயர்த்துவது ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துப் பிடிப்பது தாமான், பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல், முன்புறம் அணியம், அடிமரம் ஏரா. இவை அகராதியில் இருக்கின்றன. பேசுவோர் குறைந்து வருகிறார்கள். கொழும்புக்குப் பாய் விரித்துச் சென்ற தூத்துக்குடித் தோணிகள் இயந்திரத்துக்கு மாறிவிட்டன. பாய் போனபின் ஆஞ்சானுக்கு என்ன வேலை?

ஆகவே, ‘டிரிங்கோமலி’யில் கை பழகியபின், நீங்கள் வாழும் பகுதியின் படகு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் பேப்பூரிலும், கச்சில் மாண்ட்வியிலும் உரு கட்டும் துறைகள் உண்டு. வங்காளத்து ஆறுகளில் எத்தனையோ வகைப் படகுகள் ஓடின. அவற்றின் மாதிரிகளுக்கென்று கொல்கத்தாவில் ஒரு காட்சிக்கூடமே இருக்கிறது. தச்சரிடம் அனுமதி பெற்று, அளவு நாடாவும் தூக்குக்குண்டும் குறிப்பேடுமாகச் செல்லுங்கள். முதலில் ஏராவின் நீளம். பிறகு முழத்துக்கு ஒருமுறை அகலமும் ஆழமும். ஒவ்வொரு உறுப்புக்கும் அவர் வழங்கும் பெயரைக் கேட்டு, அவர் மொழியின் எழுத்து வராவிட்டால் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பலகைகளின் இடைவெளியை அடைத்து எண்ணெயோ சாயமோ பூசிவிட்டால் இணைப்புகள் மறைந்துவிடும். எந்த மாதத்தில் பலகை ஏற்றுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.