எஜமான் மொழி புரியும், பேச வராது

(மாணவர் வாசிப்பு வட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விளையாட்டைப் பத்திப் பேச இந்த இடந்தானா கிடைச்சுதுன்னு சிலருக்குத் தோணலாம். மந்திரத்தால் உண்டாக்கப்பட்ட வேலைக்காரனுக்குச் சுயவிருப்பம் உண்டா என்பதுதான் தலைப்பு. சேவகம் செய்யவே சிலர் படைக்கப்பட்டார்கள் என்று எழுதிவைத்த நாட்டில் இது வெறும் விளையாட்டுப் பேச்சாக இருக்க முடியாது.

நான் எடுத்துக்கொள்வது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கியது. மேசையைச் சுற்றி நாலஞ்சு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, ஒருத்தர் கதையை நடத்த, பகடை உருட்டி ஆடுவது. இன்றைய கணினி ஆட்டங்கள் பலவற்றுக்கும் இதுவே தாய். இதன் விதிகள் தடித்தடியான புத்தகங்களாக வருகின்றன. அவற்றைச் சட்டப் புத்தகங்களை வாசிப்பது போல வாசித்தால் என்ன தெரிகிறது என்று பார்க்கலாம்.

முதலில் சுலபமான ஆள். ‘கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரன்’ என்று ஒரு மந்திரம். உருவமும் மனமும் இல்லாத ஒரு விசை. ஒரு மணி நேரம் இருக்கும். பெருக்கும், துணி மடிக்கும், அடுப்பு மூட்டும், சோறு பரிமாறும். இதுக்குச் சுயவிருப்பம் உண்டான்னு கேட்பது வாஷிங் மெஷினுக்கு உண்டான்னு கேட்கிற மாதிரிதான். விட்டுடலாம். தறியின் நாடா தானாகவே நெய்யுமானால் எஜமானனுக்கு அடிமை தேவைப்படாது என்று அரிஸ்டாட்டில் சொன்னாரே, அந்தப் பழைய ஆசைதான் இது. ஆனாலும் அந்த விசைக்குக் ‘கருவி’ன்னு பேர் வைக்காம ‘வேலைக்காரன்’னு பேர் வைக்கத்தான் கை போயிருக்கிறது. கவனிங்க.

சிக்கல் கோலெமில் தொடங்குகிறது. களிமண்ணாலோ கல்லாலோ இரும்பாலோ செய்த ஆள். ஒரு பூத ஆவியைப் பிடித்து உள்ளே அடைத்துக் கட்டிவைக்கிறார்கள். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கோலெமின் அறிவு என்ற கட்டத்தில் எண்ணே கிடையாது, ஒரு கோடு மட்டும். அறிவு பூஜ்யம்கூட இல்லை, அந்தக் கணக்கிலேயே அது வராது என்று அர்த்தம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் களிமண் கோலெமுக்கு அறிவு 3 என்று போட்டிருக்கிறார்கள். சராசரி மனுஷனுக்கு 10. கூடவே மொழிக் கட்டத்தில் ஒரு வரி: தன்னைப் படைத்தவரின் மொழிகள் புரியும், பேச வராது.

இந்த ஒரு வரியில் எல்லாம் இருக்கிறது, தோழர்களே. உத்தரவு போய்ச் சேரணும், பதில் திரும்பி வரக்கூடாது. புரிந்துகொள்ளும் அளவுக்கு மனசைக் கொடுத்துவிட்டு வாயை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இது புதுசும் இல்லை. கோலெம் யூதர்களுடைய மரபிலிருந்து வந்தது. தால்முத் நூலின் சன்ஹெத்ரின் பகுதியில் ஒரு சின்னக் கதை வருகிறது. ராவா என்ற அறிஞர் ஒரு மனிதனைப் படைத்து ஸெய்ரா என்ற அறிஞரிடம் அனுப்புகிறார். ஸெய்ரா பேசிப் பார்க்கிறார், அவனிடமிருந்து பதில் வரவில்லை. மண்ணுக்கே திரும்பிப் போ என்று சொல்லிவிடுகிறார். பேசாதது ஆளே இல்லை என்பதுதான் அங்கே வைத்த சோதனை.

சரி, கோலெமுக்கு விருப்பமே இல்லை என்றால் அடுத்த விதி எதுக்கு? 2014 விதிப்படி, சண்டையில் அடிபட்டு உயிர்ப்புள்ளிகள் 60-ஓ அதற்குக் கீழோ ஆனால் அது ஒவ்வொரு முறையும் பகடை உருட்ட வேண்டும். 6 விழுந்தால் வெறி பிடித்து, கண்ணில் படுகிறவர்களில் பக்கத்தில் இருப்பவரைத் தாக்கும். உள்ளே அடைபட்டது திமிறும் என்பது விதி எழுதியவனுக்குத் தெரியும். ஆனால் அதைத் திமிறல் என்று எழுத அவன் கை வரவில்லை, வெறி என்று எழுதிவிட்டான். 1851-இல் அமெரிக்காவின் தெற்கில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பு அடிமைகள் தப்பி ஓடுவதற்கு ‘டிராப்பெட்டோமேனியா’ என்று நோய்ப் பெயர் வைத்தார். கீழ்ப்படிவது இயல்பு, ஓடுவது வியாதி. பகடை ஒன்றுதான் அவரிடம் இல்லை.

இன்னொரு மந்திரம், பனியால் ஒரு ஆளின் நகலைச் செய்வது. அசல் ஆளுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் நகலுக்கும் தெரியும். சொன்னபடி நடக்கும். ஆனால் 2014 விதிப்படி, அது புதிதாக எதையும் கற்காது, பலமும் கூடாது. தென் கரோலினா 1740-இல் அடிமைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பதைக் குற்றமாக்கியது. அவர்களால் கற்கவே முடியாது என்றால் எதுக்குச் சட்டம்? கற்பார்கள் என்று தெரிந்ததால்தான் சட்டம். வாழ்க்கையில் சட்டமும் சவுக்கும் போட்டுச் செய்ய வேண்டியிருந்ததை, விளையாட்டில் ஒரே வரியில் இயல்பாக்கிவிடலாம். ‘இந்த வேலைக்காரனுக்குச் சுயவிருப்பம் உண்டா’ என்று அதன் உள்ளே தேடுகிறோம். பதிலோ வெளியே ஒருத்தர் பேனாவில் இருக்கிறது.

மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் இதே வேலையைத்தான் செய்கிறது. சூத்திரனைப் பிராமணனுக்கு ஊழியம் செய்யவே சுயம்பு படைத்தான் என்கிறது. எஜமான் விடுவித்தாலும் அவனுக்கு விடுதலை கிடையாதாம், ஏன்னா அடிமைத்தனம் கூடவே பிறந்ததாம். விளையாட்டுப் புத்தகம் இந்த அளவுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில், அண்ணல் அம்பேத்கர் தலைமையில் கூடியவர்கள் அந்த நூலைக் கொளுத்தினார்கள்.

இங்கே ஒரு எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கற்பனை உலகம்தானே, சேவகத்தை மனசார விரும்புகிற ஒன்றை உண்மையிலேயே படைத்துவிட்டால்? அது சந்தோஷமாக இருக்கிறதே, யாருக்கு நஷ்டம்? படைக்கலாம், ஒத்துக்கறேன். அப்போதும், ‘அவன் விரும்பித்தான் செய்கிறான்’ என்று படைத்தவன் மட்டும் சொல்ல முடியாது. அந்த விருப்பமும் அவன் சரக்குதான். தானே எழுதிய கடிதத்தைத் தனக்குச் சாட்சியாகக் காட்டுகிற ஆளை எந்தப் பஞ்சாயத்து நம்பும்? நான் பார்ப்பது இரண்டே விஷயம்: அது மறுக்க முடியுமா, நேற்றைக்குத் தெரியாததை இன்றைக்குக் கற்க முடியுமா? இரண்டையும் முன்கூட்டியே அடைத்துவிட்டு, மிச்சத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைப்பதை நான் ஏற்கவில்லை.

கடைசியாக வார்ஃபோர்ஜ்டு. 2004-இல் கீத் பேக்கர் உருவாக்கிய ‘எபெரான்’ என்ற உலகத்தில் வருகிறவர்கள். மரமும் உலோகமும் சேர்ந்த உடம்பு. நூறு வருஷம் போல நடந்த ஒரு யுத்தத்துக்காக, கானித் என்ற வணிகக் குடும்பம் பட்டறையில் இவர்களை வார்த்தது. கோலெம் மாதிரியே செய்யப்பட்டவர்கள், கட்டளைக்காகவே செய்யப்பட்டவர்கள். ஆனால் இவர்கள் பேசுகிறார்கள், கற்கிறார்கள், சந்தேகப்படுகிறார்கள். எப்படி? ஆடுகிறவர் ஒருவர் வார்ஃபோர்ஜ்டைத் தன் பாத்திரமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். மேசையில் அதற்கு ஒரு நாற்காலி வந்தது, அதற்காகப் பேச ஒரு வாய் வந்தது. ‘சொன்னபடி நடக்கும்’ என்ற வரி அந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போய்விட்டது.

அதையும் முழுசாகக் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கதையில் யுத்தத்தை முடித்த ஒப்பந்தம் வார்ஃபோர்ஜ்டுகளுக்கு விடுதலை கொடுக்கிறது. அதே ஒப்பந்தம், அவர்கள் பிறக்கும் பட்டறைகளை மூடவும் உத்தரவிடுகிறது. இனி எஜமானர்கள் புதிய அடிமைகளைச் செய்ய முடியாது, அது நியாயம். ஆனால் விடுதலையான இனத்துக்குப் பிள்ளையும் கிடையாது, அடுத்த தலைமுறையும் கிடையாது. கையெழுத்துப் போட்டவர்கள் ராஜ்ஜியங்கள். பட்டறைச் சாவி வார்ஃபோர்ஜ்டுகள் கையில் ஏன் போகவில்லை? இந்த ஆட்டம் ஆடுகிற மாணவத் தோழர்கள் இங்கே நாலு பேராவது இருப்பீங்க. அதைப் பத்தி நீங்க பேசுங்க, நான் உட்கார்ந்து கேட்கிறேன்.