நாணயம் சேர்ப்போரின் வரவு செலவு



பழங்காசுகளைத் தேடிச் சேர்ப்பது அரசர்க்கும் செல்வர்க்குமே உரிய பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரியன்று. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோரும் இதில் ஈடுபடலாம்; ஈடுபட்டும் வருகின்றனர். ஆனால் இதற்கு நேர்மாறான மற்றோர் உண்மையும் உண்டு. நாணயச் செலவு பெருந்தொகையாக ஒரே நாளில் வந்து நம்மை எச்சரிப்பதில்லை. இன்று இருநூறு, அடுத்த வாரம் ஐந்நூறு என்று சிறுகச் சிறுகக் கரைகிறது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது, ஊருக்குப் போகும் இரயில் கட்டணமோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியோ அந்தப் பெட்டிக்குள் செம்பாகவும் நிக்கலாகவும் கிடப்பதைக் காண்கிறோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி இப்பொழுதுபோக்குக்கு மிகவும் பொருந்தும். ஆகவே, நாணயம் சேர்ப்போர் தம் செலவை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இத்துறையில் ஒரு வசதி இருக்கிறது. நாம் குடியேறிய ஒவ்வொரு பகுதிக்கும் தனி நாணய வரலாறு உண்டு. திருவனந்தபுரத்தில் இருப்போர்க்குத் திருவிதாங்கூர்க் காசும் சக்கரமும் அருகில் உள்ளன. பதினாறு காசு ஒரு சக்கரம், இருபத்தெட்டுச் சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்பது அந்நாட்டு வாய்பாடு. ஐதராபாத்தில் இருப்போர் சார்மினார் பொறித்த நிஜாம் நாணயங்களைக் காணலாம். குஜராத்தில் இருப்போர் கட்ச் சமஸ்தானத்துக் கோரி நாணயங்களைத் தேடலாம். பிரிட்டிஷ் இந்திய நாணயங்களில் எட்டாம் எட்வர்டு மன்னரின் பெயர் இடம்பெறவே இல்லை. ஆனால் கட்ச் சமஸ்தானம் 1936-இல் அவர் பெயரைப் பொறித்துக் காசு வெளியிட்டது. இத்தகைய செய்திகள் ஆசையை வளர்க்கும். ஆசை வளர்வதில் குற்றமில்லை. அது எவ்வளவு தூரம் செல்லலாம் என்ற வரம்பை முன்னதாகவே வகுத்துக்கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி, எந்தப் பணத்திலிருந்து வாங்குவது என்பது. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோர்க்கு அனுப்பும் தொகை, நோய்நொடிக்கென ஒதுக்கிய சேமிப்பு ஆகிய அனைத்தும் போக எஞ்சுவதிலிருந்தே நாணயத்துக்குரிய பங்கு பிரிய வேண்டும். அதுவும் மாதத் தொடக்கத்திலேயே பிரிய வேண்டும். மாதக் கடைசியில் கையில் மிஞ்சியதை எடுப்பது என்ற பழக்கம், இல்லாத பணத்தையும் எடுக்கத் தூண்டும். கடன் அட்டையிலும் தவணையிலும் காசு வாங்குவது கூடவே கூடாது. கடனுக்கு வட்டி நிச்சயம். காசின் விலை ஏறுவது நிச்சயமன்று. இன்னொன்று, இவ்வொதுக்கீட்டை இல்லத்தார் அறிந்திருக்க வேண்டும். கணவன் மனைவிக்கும் மனைவி கணவனுக்கும் ஒளித்து வாங்கிய நாணயம் எவ்வளவு அரியதாயினும் அது வீட்டிற்கு அமைதியைக் கொண்டு வராது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,000 ரூபாய் ஒதுக்க இயலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. இத்தொகை முழுவதையும் காசு வாங்கவே செலவிடலாம் என்று கருதுவது பிழை. இதில் 6,000 ரூபாயைப் பட்டியலிட்ட நாணயங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். 3,000 ரூபாயை எதிர்பாராமல் கிட்டும் அரிய காசு ஒன்றுக்காகத் தொடாமல் வைக்கலாம். நூல்களுக்கு 1,500, உறைகள் பெட்டிகள் போன்ற பாதுகாப்புப் பொருள்களுக்கு 1,000, அஞ்சற் செலவுக்கும் போக்குவரத்துக்கும் 500 என மீதம் முடியும். அரிய காசு கிட்டவில்லையெனில் அந்த 3,000 அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரட்டும். செலவாகவில்லையே என்பதற்காகச் செலவிட வேண்டுவதில்லை. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் இந்தப் பாகுபாடு பொருந்தும்.

இரண்டாவது கேள்வி, எதைச் சேர்ப்பது என்பது. எல்லாவற்றையும் சேர்ப்பேன் என்பவர் எதையும் முழுமையாகச் சேர்ப்பதில்லை. எல்லை குறுகினால் செலவும் குறுகும், அறிவும் ஆழமாகும். குடியரசின் முதல் வரிசையையே எடுத்துக்கொள்வோம். 1950-இல் வெளியான அவ்வரிசையில் காலணா, அரையணா, ஓரணா, இரண்டணா, கால் ரூபாய், அரை ரூபாய், ஒரு ரூபாய் என ஏழே நாணயங்கள். ஒரு புறம் அசோகரின் சிங்கத் தூண். மறுபுறம் காலணாவில் குதிரை, அணாக் காசுகளில் எருது, ரூபாய் வகையில் தானியக் கதிர்கள். வகைக்கு ஒன்றாகச் சேர்த்தால் ஏழோடு பணி நிறைவுறும். ஆண்டுக்கு ஒன்றாகவும், அச்சிட்ட நாணயச்சாலைக்கு ஒன்றாகவும் சேர்க்கப் புகுந்தால் எண்ணிக்கை பன்மடங்காகிவிடும். மும்பைக்குச் சாய்சதுரம், ஐதராபாத்துக்கு விண்மீன், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியின்மை என்று குறிகளைப் பார்த்துச் சேர்ப்பது இன்பமான வேலைதான். ஆயினும் முதலில் வகைச் சேர்க்கையை முடித்து, பிறகே ஆண்டுச் சேர்க்கையில் இறங்குவது சிக்கனமான முறை.

பணமே ஒதுக்க இயலாதவர்க்கும் வழி உண்டு. புழக்கத்தில் வெளியான நினைவு நாணயங்களில் தமிழோடு தொடர்புடையவை சில உள்ளன. 1995-இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வெளிவந்த திருவள்ளுவர் நாணயம், காமராசர் நூற்றாண்டு நாணயம், 2009-இல் தமிழ்க் கையொப்பத்துடன் வெளிவந்த அறிஞர் அண்ணா நாணயம் ஆகியன ஐந்து ரூபாய்க் காசுகளாகவே கை மாறின. கடையில் தரும் சில்லறையைக் கூர்ந்து நோக்குவோர்க்கு ஐந்து ரூபாய்க்கே இவை கிட்டக்கூடும். இதனை விட மலிவான தொடக்கம் வேறில்லை. இதற்கு மாறாக, நாணயச்சாலைகள் சேகரிப்போர்க்கென விற்கும் சிறப்பு நாணயங்கள் முகமதிப்பை விடக் கூடுதலான விலை உடையவை. அவற்றுக்கு முன்பதிவு செய்து காத்திருக்கவும் வேண்டும். ஆகையால் ஆண்டுத் தொடக்கத்திலேயே எவை தேவை என்று முடிவு செய்து, அத்தொகையைத் தனியே எடுத்து வைப்பது நல்லது. வெளியாகும் ஒவ்வொன்றையும் வாங்குவது என்று தொடங்கினால், தேர்வு செய்யும் உரிமை நம் கையை விட்டுப் போய்விடும்.

எல்லை வகுத்த பின்னர்த் தேவைப் பட்டியல் எழுத வேண்டும். ஒரு சிறு குறிப்பேட்டில் காசின் பெயர், ஆண்டு, நாணயச்சாலை, நாம் ஏற்கும் தேய்மான நிலை, கொடுக்கக்கூடிய உச்ச விலை என ஐந்து பத்திகள் போதும். சந்தைக்கும் கண்காட்சிக்கும் செல்லும்போது இக்குறிப்பேடு உடன் வர வேண்டும். பட்டியலில் இல்லாத காசு கண்ணைக் கவர்ந்தால் ஓர் இரவு கழியட்டும். மறுநாளும் அது வேண்டும் என்று தோன்றினால் பட்டியலில் சேர்த்து, பிறகு வாங்கலாம். உச்ச விலையைக் குறிக்கும்போது, விற்போர் கேட்கும் விலையைக் கணக்கில் கொள்ளாமல், ஏலங்களில் உண்மையில் விற்று முடிந்த விலையையே அடிப்படையாகக் கொள்க. கேட்பதற்கு எவர்க்கும் தடையில்லை. கொடுத்த விலையே சந்தை விலை.

வெள்ளி ரூபாயைப் பொறுத்தவரை எளிய கணக்கொன்று உண்டு. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்படுத்திய ஒரே சீரான ரூபாய் முதல் 1939 வரை, ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. எனவே தேய்மானமற்ற ரூபாயில் ஏறத்தாழ 10.69 கிராம் வெள்ளி இருக்கிறது. 1940 முதல் அது பாதி வெள்ளியாகக் குறைந்தது. 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. அன்றைய வெள்ளி விலையால் 10.69-ஐப் பெருக்கினால் காசின் உலோக மதிப்பு தெரிந்துவிடும். விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்துச் சாதாரண ஆண்டு ரூபாய்கள் ஏராளமாக உள்ளன. அவற்றுக்கு அரிய காசின் விலை கொடுக்க வேண்டுவதில்லை. 1939 என்று பொறித்த வெள்ளி ரூபாய் மிக அரியது; அதனாலேயே போலிகளுக்கும் அது இலக்காகிறது. ஒரு சிறு தராசும் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியும் நம் முதற் செலவுகளாக இருக்கட்டும்.

ஏலத்தில் கலந்துகொள்வோர் ஒரு விவரத்தை மறத்தலாகாது. கூறிய தொகையோடு ஏல நிறுவனத்தின் கட்டணமும், வரியும், அஞ்சற் செலவும் சேரும். இவை ஏலத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு என வைத்துக்கொண்டால், 6,000 ரூபாய்க்கு மேல் இயலாதவர் 5,000 ரூபாயோடு கையை இறக்கிவிட வேண்டும். அறையில் ஏறும் சூட்டில் இக்கணக்கைப் போட இயலாது. வீட்டிலேயே போட்டு எழுதிக்கொண்டு செல்ல வேண்டும். தோற்ற ஏலம் நட்டமன்று. அதே காசு மற்றொரு நாள் மற்றோர் இடத்தில் வரும்.

வாங்கிய காசைக் காப்பதும் சிக்கனத்தின் ஒரு பகுதியே. நம் வீடுகளில் செம்பையும் பித்தளையையும் புளி போட்டுத் துலக்குவது வழக்கம். பழங்காசுக்கு அவ்வாறு செய்தால் அதன் இயற்கை நிறம் போய், மதிப்பும் போய்விடும். மட்டமான பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் காசின் மீது பசை போன்ற பச்சைப் படலத்தை ஏற்படுத்தும். மும்பை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று மிகுந்த நகரங்களில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றை இடுவது அவசியம். சில ரூபாய்ப் பொருள் பல ஆயிரம் ரூபாய்ப் பொருளைக் காக்கும்.

இனி ஏமாற்றங்களைப் பற்றி ஒரு சொல். இராமர் சீதை உருவத்தோடு 1818-ஆம் ஆண்டு பொறித்த கம்பெனி அரையணா என்று ஒரு காசு திருவிழாக்களிலும் யாத்திரைத் தலங்களிலும் விற்கப்படுகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை. அரிசியைத் தன்பால் இழுக்கும் செப்புக்காசு என்பதும் வெறும் மோசடிக் கதையே. பழைய ஐந்து ரூபாய்க்கு இலட்சக்கணக்கில் விலை தருவதாகக் கூறி, முன்பணமாகக் கட்டணமும் வரியும் கேட்கும் விளம்பரங்களும் உலவுகின்றன. இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு மாதத்தில், இத்தகைய வாணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், இதற்காக எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்றும் அறிவித்து மக்களை எச்சரித்தது. விற்பவனிடம் முன்பணம் கேட்கும் வாங்குவோன் உலகில் இல்லை. இதை நினைவில் வைத்தால் ஊரில் தனியே இருக்கும் முதியோரின் சேமிப்பும் தப்பும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் தொல்பொருளாகும். அதனைத் தனியார் தம் விருப்பப்படி வெளிநாட்டுக்குக் கொண்டு செல்ல முடியாது. நிலத்தில் புதைந்து கிடைத்த புதையல் பற்றி 1878-ஆம் ஆண்டுச் சட்டம் ஆட்சித்தலைவர்க்கு அறிவிக்கக் கட்டளையிடுகிறது. ஆகவே, வயலில் கிடைத்த குவியல் என்று கூறி மலிவாகத் தருவதை வாங்குவது சிக்கனமன்று. வம்பை விலைக்கு வாங்குவதாகும். பற்றுச்சீட்டுத் தரும் வணிகரிடம் வாங்குக.

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது பதிவேடு. எந்தக் காசு, எந்த நாளில், யாரிடம், என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்று தமிழிலேயே, வீட்டார் படிக்கும் வண்ணம் எழுதி வைக்க வேண்டும். வணிகர் விற்கும் விலை வேறு, அவர் திரும்ப வாங்கும் விலை வேறு. இவ்வேறுபாட்டை அறியாத குடும்பத்தார், சேகரித்தவர் மறைந்தபின் பெட்டியோடு கடைக்குச் சென்று, எடைக்கு எடை வெள்ளி விலை பெற்று வருவதுண்டு. முப்பது ஆண்டு உழைப்பு ஒரு பிற்பகலில் உருக்குக் கொட்டிலுக்குப் போய்விடலாம். ஒரு பத்து ரூபாய்க் குறிப்பேடு அதைத் தடுக்கும்.

நாணயத்தை இலாபத்துக்கெனச் சேர்ப்போர் பலர் ஏமாற்றமுறுகின்றனர். அறிவுக்கெனச் சேர்ப்போர்க்கு நட்டம் என்பதே இல்லை. வாங்க இயலாதவற்றைக் காண்பதற்குத் தில்லி தேசிய அருங்காட்சியகமும், கொல்கத்தா இந்திய அருங்காட்சியகமும், மும்பையில் 2004-இல் ரிசர்வ் வங்கி அமைத்த நாணய அருங்காட்சியகமும், நம் சென்னை அருங்காட்சியகமும் உள்ளன. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுவோம். வீடு திரும்பியதும், நம் சிறு பெட்டியில் உள்ள அரையணாவை அவர்கள் கையில் கொடுத்து, அதன் கதையைத் தமிழில் சொல்லுவோம். அளவோடு வாங்கிய காசுதான் அப்படி மன நிறைவோடு கைமாறும்.