பெரியகுளத்துப் பெரும்பள்ளி

திருக்கோணமலை என்றதும் இயற்கைத் துறைமுகமும் கோணேசர் ஆலயமும் நினைவுக்கு வருதல் இயல்பு. அத்துறைமுக மாவட்டத்திலேயே, நகருக்கு வடமேற்கே பெரியகுளத்தின் அருகில், நெடுங்காலம் காடு மூடிக் கிடந்த மற்றொரு பழம்பதி உண்டு. அயலில் வாழ்ந்த தமிழ் மக்கள் அதனை நாதனார் கோயில் என வழங்கினர். இடிந்த சுவர்களும் கற்றூண்களுமே எஞ்சிய அவ்விடம் முன்னாளில் யாதாக இருந்தது? விடை பகர்ந்தவை அங்குள்ள கற்களில் வெட்டப்பெற்ற எழுத்துகளேயாகும்.

1953 ஆம் ஆண்டில், செனரத் பரணவிதான ஆணையாளராக விளங்கிய காலத்தில், இலங்கைத் தொல்பொருள் திணைக்களம் அங்கே அகழாய்வு நடத்திற்று. பல தமிழ்ச் சாசனங்கள் வெளிப்பட்டன. அவை பதினோராம் நூற்றாண்டில், இலங்கையின் வடபகுதி சோழராட்சிக்கு உட்பட்டிருந்த காலத்தவை.

தமிழ் எழுத்துத்தானே, எவரும் வாசித்துவிடலாம் என்று எண்ணலாகாது. கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் ஒற்றி, தூரிகையால் அடித்து, மை தடவிப் படி எடுத்தல் வேண்டும். படியெடுத்த பின்னரும் தொல்லை தீராது. அக்காலத்துக் கல்வெட்டுகளிற் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்குக் கொம்பு ஒன்றே. ஆகவே ‘பெரும்பள்ளி’ என்னும் சொல் ‘பெருமபளளி’ என்றே கல்லில் நிற்கும். அதனைப் ‘பேரும’ எனவும் தொடங்கி வாசிக்கலாம். வடசொற்கள் வருமிடத்துக் கிரந்த எழுத்துகளும் கலந்துவிடும். முன்னும் பின்னுமுள்ள சொற்களை நோக்கி, பொருள் பொருந்துமாறு கொள்வதே வாசிப்போர் கடன்.

அவ்வாறு வாசித்தபோது அவ்விடத்தின் பெயர் தெளிவாயிற்று. வெல்கம் விகாரையான இராசராசப் பெரும்பள்ளி என்பதே அப்பெயர். நாதனார் கோயில் எனப்பட்டது பழைய பௌத்த விகாரையே. அதற்குத் தமிழர் நந்தாவிளக்கும், அவ்விளக்கு எரிய நெய் தரும் பசுக்களும் வழங்கிய செய்தியை அச்சாசனங்கள் கூறுகின்றன.

பள்ளி என்றால் இன்று நாம் பாடசாலையை எண்ணுகிறோம். பண்டைத் தமிழில் அச்சொல் சமண, பௌத்தத் துறவிகள் உறையும் இடத்தைக் குறித்தது. துறவிகள் அங்கிருந்து கல்வி புகட்டியமையால் கற்பிக்கும் இடமும் பள்ளியாயிற்று என்பர் அறிஞர். முஸ்லிம் மக்களின் தொழுகையிடமும் பள்ளிவாசல் என்றே வழங்குகிறது. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னன் எடுப்பித்த விகாரைக்கும் இராசராசன் பெயரால் பெரும்பள்ளி என்ற வழக்கு இருந்தது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்ததை, இன்று லெய்டன் செப்பேடு எனப்படும் சாசனம் கூறும்.

சோழர் படை விகாரைகளைச் சூறையாடியதாகச் சூளவம்சம் உரைக்கின்றது. அதனை மறுப்பதற்கில்லை. அதே சோழராட்சியில் பெரியகுளத்து விகாரை மன்னன் பெயர் தாங்கி, தமிழர் ஏற்றிய விளக்கொளியில் விளங்கியது. இதனையும் மறைப்பதற்கில்லை. பௌத்தம் என்றால் சிங்களவர்க்கு மட்டும், தமிழர் என்றால் சைவம் மட்டும் என்று பிற்காலத்தார் இட்ட கோட்டை இக்கற்கள் அறியமாட்டா.

பழைய இடங்களுக்கு உரிமை கொண்டாடும் வழக்குகள் இம்மாவட்டத்தில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. நம் விருப்பத்தைக் கல்லின்மேல் ஏற்றி வாசித்தல் எளிது. கல் கூறுவதை உள்ளவாறே கேட்டல் அரிது. ஓர் எழுத்துச் சிதைந்தாலும் அச்சான்று மீளாது. ஆதலின் இத்தகைய கல்லொன்று எந்த மதத்தார் நிலத்தில், எம்மொழியில் காணப்படினும், அதனைக் காத்தல் இம்மண்ணில் வாழ்வோர் அனைவர்க்கும் பொதுவான கடமையாகும்.