விரலுக்குத் தெரியும் எண்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ ஓட்டுப் போடும்போது, இயந்திரத்தில் நீலப் பொத்தானை ஒட்டிச் சின்னச் சின்னப் புள்ளிகளைக் கவனித்ததுண்டா? அவை 1 முதல் 16 வரையிலான பிரெய்ல் எண்கள்.

இவற்றை 2004-இல் அன்றைய ஆந்திராவின் ஆசிப்நகர் இடைத்தேர்தலில் சோதித்துப் பார்த்து, 2009 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் கொண்டுவந்தார்கள்.

பார்வையற்ற வாக்காளர், பிரெய்ல் மாதிரி வாக்குச்சீட்டை வாக்குச்சாவடி அலுவலரிடம் கேட்டு வாங்கி, வேட்பாளரின் வரிசை எண்ணை வாசித்துக்கொள்வார். இயந்திரத்தில் அதே எண்ணைத் தடவிப் பார்த்துப் பொத்தானை அழுத்துவார். யாருக்குப் போட்டார் என்பது அவரோடு போயிற்று!

இந்தப் புள்ளிகளால் பார்வையுள்ளவர்களுக்கு ஓர் இடைஞ்சலும் இல்லை. ஆனால் வீட்டுப் பொருள்களைப் பாருங்கள்: வழவழப்பான தொடுபொத்தான் வைத்த மின்னடுப்பில் விரலுக்கு என்ன அடையாளம் இருக்கிறது? அடுத்த முறை கடைக்குப் போனால், கண்ணை மூடித் தடவிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.